அறிவியல் புனைகதைத் தொடர்களில் கதை ஓட்டைகளும் தொடர்ச்சிப் பிழைகளும்

கதை ஓட்டை என்பது ஒரு கதை தானே வகுத்துக்கொண்ட விதியைத் தானே மீறும் இடம் ஆகும். தொடர்ச்சிப் பிழை என்பது ஒரு காட்சியிலோ பகுதியிலோ காட்டப்பட்ட விவரம், அடுத்த காட்சியிலோ பகுதியிலோ காரணம் சொல்லப்படாமல் மாறிவிடுவது ஆகும். முதலாவதை நம் பார்வையாளர்கள் பேச்சுவழக்கில் 'லாஜிக் ஓட்டை' என்பர். இரண்டாவதைத் திரைத்துறையினர் 'கன்டினியூட்டி மிஸ்டேக்' என்பர்.

இவ்விரண்டும் எல்லா வகைக் கதைகளிலும் உண்டு. ஆயினும் அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர்களில்தான் இவை அதிகம் பேசப்படுகின்றன. குடும்பத் தொடரில் உலகம் நாம் அறிந்த உலகமே. அறிவியல் புனைகதையிலோ உலகத்தையே கதாசிரியர் கட்டி எழுப்ப வேண்டும். விண்கலம் எவ்வளவு வேகம் போகும், கால இயந்திரம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பனவற்றை அவரே விதிக்கிறார். விதிகள் கூடக்கூட, அவற்றை மறந்து மீறிவிடும் வாய்ப்பும் கூடுகிறது.

ஓர் உள்ளூர் எடுத்துக்காட்டு

பிழைகளின் வகைகளைப் பிரித்தறிய, திருச்சிராப்பள்ளியில் நடக்கும் ஒரு தொடரைக் கற்பனை செய்துகொள்வோம். கதாநாயகன் தில்லை நகரில் குடியிருக்கிறான். அவன் தாத்தா ஸ்ரீரங்கத்தில் ஒரு கால இயந்திரம் செய்து வைத்திருக்கிறார்.

முதல் பகுதியில் அவன் தில்லை நகர் வீட்டிலிருந்து நீலச் சட்டையோடு ஸ்கூட்டரில் கிளம்புகிறான். காவிரிப் பாலத்தில் போகும்போது வெள்ளைச் சட்டை அணிந்திருக்கிறான். நடுவில் எங்கும் நிற்கவில்லை. இது தொடர்ச்சிப் பிழை. கதைக்கு இதனால் சேதம் ஒன்றும் இல்லை. படப்பிடிப்பு இரண்டு நாட்களில் நடந்தது என்பது மட்டும் தெரிந்துவிடுகிறது.

மூன்றாம் பகுதியில் வேற்றுக்கோள்வாசிகள் வருகிறார்கள். ஸ்ரீரங்கம், தெற்கே காவிரிக்கும் வடக்கே கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள தீவு. எல்லாப் பாலங்களும் தகர்ந்தன, ஆற்றில் வெள்ளம், யாரும் கடக்க முடியாது என்று சொல்லப்படுகிறது. தாத்தா தனித்து மாட்டிக்கொள்கிறார். அந்தப் பகுதியின் பதற்றமே அதுதான். ஐந்தாம் பகுதியில் கதாநாயகன் ஆட்டோவில் அம்மா மண்டபத்தில் வந்து இறங்குகிறான். எப்படி வந்தான் என்று ஒரு சொல்லும் இல்லை. இது கதை ஓட்டை. ஆட்டோவில் வர முடியும் என்றால் மூன்றாம் பகுதியின் பதற்றம் அத்தனையும் பொய்யாகிறது.

ஏழாம் பகுதியில் அவன் கால இயந்திரத்தில் ஏறி 1975-க்குப் போகிறான். பின்னணியில் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் முழு உயரத்தில் நிற்கிறது. அந்தக் கோபுரம் பல நூற்றாண்டுகள் அடிநிலையோடு நின்று, 1987 மார்ச் மாதத்தில்தான் நிறைவு பெற்றுக் குடமுழுக்குக் கண்டது. 1975-இல் ஊரார் அதை 'மொட்டைக் கோபுரம்' என்றே அழைத்தனர். ஆகவே இது காலப் பிழை.

ஒன்பதாம் பகுதியில் விண்வெளியில் ஒரு கலம் வெடிக்கிறது. பெரும் ஓசை கேட்கிறது. ஒலி பரவ காற்று போன்ற ஊடகம் வேண்டும், விண்வெளியில் அது இல்லை. இது அறிவியல் பிழை.

இத்தொடரில் கால இயந்திரம் இருப்பதே பிழையா? இல்லை. அது கதை நம்மிடம் முன்கூட்டியே கேட்டுப் பெற்ற அனுமதி. 'இப்படி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம்' என்று சொல்லித்தான் கதை தொடங்குகிறது. அதை ஏற்றுக்கொண்டே நாம் பார்க்க உட்காருகிறோம். அனுமதி வாங்கிய பிறகு கதை எப்படி நடந்துகொள்கிறது என்பதே கேள்வி.

வகைகள்

மேற்சொன்னவற்றைச் சுருக்கினால் நான்கு வகைகள் கிடைக்கின்றன.

1. கதை ஓட்டை: கதையின் விதிக்கும் கதையின் நிகழ்வுக்கும் முரண். கதையையே பாதிக்கும்.

2. தொடர்ச்சிப் பிழை: ஒரு விவரத்துக்கும் பின்னால் வரும் விவரத்துக்கும் முரண். உடை, பெயர், வயது, எண்ணிக்கை போன்றவற்றில் நேரும். பெரும்பாலும் கதையைப் பாதிக்காது.

3. காலப் பிழை: கதை நடக்கும் காலத்தில் இல்லாத பொருளோ கட்டடமோ சொல்லோ இடம்பெறுதல்.

4. அறிவியல் பிழை: கதைக்கு வெளியே நாம் அறிந்த இயற்கை விதியோடு முரண்.

பார்வையாளர்கள் இந்நான்கையும் ஒன்றாகக் குழப்பி 'லாஜிக்கே இல்லை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். அதைவிடப் பெரிய குழப்பம், பிழையே இல்லாதவற்றைப் பிழை என்பது.

பிழை போலத் தோன்றுபவை: 'என் இனிய இயந்திரா'

இதை விளக்கத் தமிழில் மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு, ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்த எழுத்தாளர் சுஜாதாவின் (1935–2008) 'என் இனிய இயந்திரா'. 1980-களில் ஆனந்த விகடனில் வாரத் தொடராக வந்த இக்கதை, பின்னர் தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் ஒளிபரப்பானது. 'மீண்டும் ஜீனோ' இதன் இரண்டாம் பாகம். இன்று கணினித் திரையில் தொடர்களைப் பார்க்கும் மாணவர்களின் பெற்றோர் பலருக்கு, அறிவியல் புனைகதை என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஜீனோ என்னும் இயந்திர நாய்தான்.

கதை நடப்பது 2020-களின் தொடக்கத்தில். ஜீவா என்னும் ஆட்சியாளரின் கீழ் இந்தியா இருக்கிறது. பிள்ளை பெற்றுக்கொள்ள அரசின் அனுமதி வேண்டும். மக்களின் பெயர்கள் இரண்டெழுத்தில்தான் இருக்க வேண்டும். இப்படி ஓர் உலகத்தை ஆசிரியர் விதிக்கிறார்.

2022-ஐக் கடந்துவிட்ட நாம் இப்போது படித்தால், 'இப்படி எதுவும் நடக்கவில்லையே' என்று தோன்றலாம். இதை ஓட்டை என்று சொல்லக்கூடாது. கணிப்பு பொய்ப்பது வேறு, கதை முரண்படுவது வேறு. ஆசிரியர் எழுதிய காலத்தில் 2020-கள் எதிர்காலம். எதிர்காலம் வேறு வழியில் போனதற்குக் கதை பொறுப்பாகாது. ஆனால் இரண்டெழுத்துப் பெயர் என்ற விதிக்குக் கதை பொறுப்பு. நிலா, ரவி, மனோ, சிபி, ஜீவா என்று முதன்மைப் பாத்திரங்களின் பெயர்களை எண்ணிப் பாருங்கள், எல்லாம் இரண்டெழுத்து. நாய்க்குக்கூட ஜீனோ. அந்த உலகத்தின் குடிமகன் ஒருவனுக்கு விளக்கம் எதுவும் இன்றி நான்கெழுத்துப் பெயர் வந்திருந்தால், அதைத்தான் ஓட்டை என்று சுட்டியிருப்போம்.

இன்னொன்றையும் இக்கதை காட்டுகிறது. ஆட்சியாளர் ஜீவா உண்மையான மனிதரே அல்லர், ஒளியால் உருவாக்கப்பட்ட ஹோலோகிராம் பிம்பம் என்பது கதையின் பிற்பகுதியில் வெளிப்படுகிறது. இது தெரியாத நிலையில், அவரைப் பற்றிய சில செய்திகள் வாசகருக்கு இடறலாம். தெரிந்த பிறகு அதே இடங்கள் துப்புகளாக மாறுகின்றன. ஆகவே கதை முடியும் முன் ஓட்டை என்று தீர்ப்புச் சொல்வது அவசரம். பதில் தள்ளிவைக்கப்பட்டிருக்கலாம்.

ஜீனோவும் அப்படியே. வீட்டு வளர்ப்புப் பிராணி போல அறிமுகமாகும் ஓர் இயந்திரம், கதை நகர நகரத் தானாகச் சிந்திக்கத் தொடங்குகிறது. முதலில் இல்லாத திறமை பிறகு வந்ததே, இது முரண் அல்லவா என்று கேட்கலாம். மாற்றம் வாசகர் கண்முன்னே படிப்படியாக நிகழ்ந்தால் அதற்குப் பெயர் வளர்ச்சி. ஒரே இரவில், காரணமின்றி, கதாநாயகியைக் காப்பாற்றுவதற்காக மட்டும் நிகழ்ந்தால் அது ஓட்டை.

சுஜாதாவின் துப்பறியும் கதைகளில் வரும் கணேஷும் வசந்தும் பல பத்தாண்டுகளாக முதுமை அடைவதே இல்லை. இதையும் பிழை என்பதில்லை. நீண்ட காலம் தொடரும் பாத்திரங்களுக்கு வயதைக் கணக்கிடாமல் விடுவது எழுத்தாளரும் வாசகரும் ஒப்புக்கொண்ட ஒரு மரபு.

பாத்திரம் எடுக்கும் தவறான முடிவும் ஓட்டை ஆகாது. 'அவள் ஏன் அந்தக் கதவைத் திறந்தாள்' என்று நாம் பதறலாம். பயத்தில் மனிதர்கள் தவறு செய்வார்கள், அது இயல்பு.

ஏன் நேர்கின்றன?

நாவலை ஒருவர் முழுதாக எழுதி, திருத்தி, பிறகு வெளியிட முடியும். தொலைக்காட்சித் தொடருக்கு அந்த வசதி இல்லை. பத்தாம் பகுதியை எழுதும்போது முதல் பகுதி ஒளிபரப்பாகி முடிந்திருக்கும். அதைத் திரும்பப் பெற இயலாது. வார இதழில் தொடர்கதை எழுதியவர்களுக்கும் இந்தச் சங்கடம் உண்டு. தொலைக்காட்சியில் அதனோடு வேறு சில காரணங்களும் சேர்கின்றன.

முதலாவது, பலர் எழுதுவது. ஒரே தொடருக்குப் பத்து, இருபது எழுத்தாளர்கள் பங்களிக்கும்போது ஒருவர் வைத்த விதி இன்னொருவருக்குத் தெரியாமல் போகலாம்.

இரண்டாவது, படமெடுத்த வரிசையும் ஒளிபரப்பான வரிசையும் மாறுவது. அமெரிக்காவின் 'ஸ்டார் டிரெக்' (1966–1969) தொடரின் பார்வையாளர்கள் 1966 செப்டம்பரில் முதல் பகுதியிலேயே கப்பலின் மருத்துவராக மெக்காயைச் சந்தித்தார்கள். மூன்றாவதாக ஒளிபரப்பான பகுதியில் வேறொரு மருத்துவர் இருந்தார். சீருடைகளும் வேறு மாதிரி இருந்தன. உண்மையில் அந்த மூன்றாவது பகுதிதான் முன்னதாக, சோதனைப் படமாக எடுக்கப்பட்டது. அதே பகுதியில் தலைவர் கிர்க்கின் பெயர் ஒரு கல்லறைக் கல்லில் 'ஜேம்ஸ் ஆர். கிர்க்' என்று பொறிக்கப்பட்டுள்ளது. பிறகு வந்த பகுதிகளில் அவர் 'ஜேம்ஸ் டி. கிர்க்'. தொடர்ச்சிப் பிழைக்கு உலகம் முழுவதும் காட்டப்படும் பழைய எடுத்துக்காட்டு இது.

மூன்றாவது, பணமும் நடிகர்களும். நடிகர் விலகினால் பாத்திரத்தின் பயணம் பாதியில் நிற்கும். ஒப்பனைக்குப் பணம் இல்லையென்றால் வேற்றுக்கோள்வாசி மனிதனைப் போலவே இருப்பான்.

நான்காவது, பார்க்கும் முறை. 1960-களிலும் 70-களிலும் ஒரு பகுதி ஒளிபரப்பானால், மறு ஒளிபரப்பு வரும்வரை அதைத் திரும்பப் பார்க்க வழியில்லை. நம் ஊரிலும் தூர்தர்ஷன் காலத்தில் வாரம் ஒருமுறை, அதுவும் மின்சாரம் இருந்தால், பார்த்ததுதான். போன வாரம் சட்டை என்ன நிறம் என்று யாருக்கும் நினைவிருக்காது. வீடியோ கேசட் வந்தபின் நிலைமை மாறியது. பிறகு குறுந்தகடு, இப்போது இணையம். எந்தக் காட்சியையும் நிறுத்திப் பெரிதாக்கிப் பார்க்கலாம். பிழைகள் அன்றும் இருந்தன. இன்று கண்கள் கூர்மையாகிவிட்டன. 1993-இல் ஃபில் ஃபாரண்ட் என்பவர் 'ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் பிழைகளை மட்டும் பகுதிவாரியாகத் தொகுத்து ஒரு நூலாகவே வெளியிட்டார்.

புகழ்பெற்ற சில எடுத்துக்காட்டுகள்

பனியில் சிக்கிய மாலுமிகள்: 'ஸ்டார் டிரெக்' தொடரில் கப்பலிலிருந்து கோளுக்கு மனிதர்களை நொடியில் அனுப்பும் 'டிரான்ஸ்போர்ட்டர்' என்னும் கருவி உண்டு. 1966 அக்டோபரில் ஒளிபரப்பான 'தி எனிமி வித்இன்' பகுதியில் அது பழுதாகிறது. கிர்க் இருவராகப் பிரிந்துவிடுகிறார். கீழே கடுங்குளிரில் சுலு முதலிய மாலுமிகள் உறைந்துகொண்டிருக்கிறார்கள். மேலே கொண்டுவர வழியில்லை. இன்று பார்ப்பவர் உடனே கேட்பார்: கப்பலில் ஷட்டில் என்னும் சிறு கலம் இருக்கிறதே, அதை அனுப்பினால் என்ன? விடை வேடிக்கையானது. ஷட்டில் திரையில் முதலில் தோன்றியது 1966 நவம்பரில் வந்த 'தி மெனாஜரி' பகுதியில். அக்டோபரில் அப்படி ஒரு பொருள் கதை உலகத்தில் காட்டப்படவே இல்லை. ஒளிபரப்பான அன்று ஓட்டை இல்லாதிருந்த கதையில், பின்னர் வந்த இன்னொரு கதை ஓட்டை போட்டுவிட்டது. தொடர் வடிவத்துக்கே உரிய சிக்கல் இது. தனித்த நாவலில் இவ்வாறு நேராது.

பார்க்காதவரை அடையாளம் காணுதல்: 1967-இல் வந்த 'ஸ்பேஸ் சீட்' பகுதியில் கான் என்னும் வில்லன் அறிமுகமாகிறான். அது முதல் பருவம். செக்காவ் என்னும் பாத்திரம் சேர்ந்தது இரண்டாம் பருவத்தில்தான். 1982-இல் வந்த திரைப்படத்தில் கான், செக்காவைக் கண்டதும் 'உன் முகத்தை நான் மறக்கவில்லை' என்ற பொருளில் பேசுகிறான். திரையில் அவர்கள் சந்தித்ததே இல்லை. செக்காவ் அப்போதே கப்பலின் வேறொரு பிரிவில் வேலை பார்த்திருக்கலாம் என்று ரசிகர்கள் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள்.

நெற்றி மேடு: கிளிங்கான் என்னும் போர்வீர இனத்தார் 1967-இல் அறிமுகமானபோது மனிதர்களைப் போன்ற சாதாரண நெற்றியோடு இருந்தார்கள். 1979 திரைப்படத்தில் ஒப்பனைக்குப் பணம் கிடைத்தது; நெற்றியில் எலும்பு மேடுகள் வந்தன. 1996-இல் 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரின் பாத்திரங்கள் காலப் பயணம் செய்து பழைய கிளிங்கான்களை நேரில் காண்கிறார்கள். புதிய வகைக் கிளிங்கானாகிய வோர்ஃபிடம் காரணம் கேட்கப்படுகிறது. வெளியாரிடம் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று சொல்லி அவர் நகர்ந்துவிடுகிறார். 2005-இல் 'என்டர்பிரைஸ்' தொடர், மரபணு ஆய்வில் விளைந்த ஒரு வைரஸ் நோயைக் காரணமாகக் காட்டி இரண்டு பகுதிகளில் விளக்கமே கொடுத்தது. ஒப்பனைச் செலவில் தொடங்கிய முரண், 38 ஆண்டுகள் கழித்துக் கதையாகிவிட்டது.

ஏவுகணைக் கணக்கு: 'ஸ்டார் டிரெக்: வாயேஜர்' (1995–2001) தொடரில் ஒரு கப்பல் வீட்டிலிருந்து 70,000 ஒளியாண்டு தொலைவில் தனித்து மாட்டிக்கொள்கிறது. தொடக்கத்திலேயே, கப்பலில் இருப்பவை 38 ஏவுகணைகள், தீர்ந்தால் மாற்று இல்லை என்று சொல்லப்படுகிறது. பொருள் பற்றாக்குறைதான் அக்கதையின் அடிப்படை அச்சம். ஏழு பருவங்களில் ஏவப்பட்டவற்றை ரசிகர்கள் எண்ணினார்கள். 38-ஐ எப்போதோ தாண்டிவிட்டன. இது சின்ன எண்ணிக்கைப் பிழை போலத் தெரியும். உண்மையில் நம் கற்பனைத் தொடரின் காவிரிப் பாலத்தைப் போன்றதே. பற்றாக்குறை இல்லையென்றால் அச்சமும் இல்லை.

பன்னிரண்டு மறுபிறப்பு: பிரிட்டனின் 'டாக்டர் ஹூ' 1963-இல் தொடங்கியது. நாயகன் இறக்கும் தருணத்தில் உருமாறி வேறு உடலோடு எழுவான். இதனால் நடிகரை மாற்ற முடிந்தது. 1976-இல் 'தி டெட்லி அசாசின்' கதையில், இவ்வினத்தார் 12 முறைதான் உருமாற முடியும் என்று ஒரு விதி வந்தது. அப்போது நடித்துக்கொண்டிருந்தவர் நான்காவது நடிகர். பன்னிரண்டு என்பது எட்டாத எண்ணாகத் தோன்றியிருக்கும். தொடர் நீடித்தது. 2013-இல் அந்த எண் தீர்ந்தேவிட்டது. எழுத்தாளர்கள் விதியை மறக்கவில்லை. சாவு உறுதி என்ற நிலைக்கு நாயகனைக் கொண்டுவந்து நிறுத்தி, அவன் இனத்தார் புதிய ஆயுளை அருளுவதாகக் கதை அமைத்தார்கள். ஓட்டையாகியிருக்க வேண்டிய விதி, ஒரு நல்ல நெருக்கடியாக மாறியது.

மூன்று முறை மூழ்கிய அட்லாண்டிஸ்: அதே தொடரில் அட்லாண்டிஸ் நகரின் அழிவுக்கு 1967, 1971, 1972 ஆகிய ஆண்டுகளில் வந்த கதைகள் மூன்று வெவ்வேறு காரணங்களைச் சொல்கின்றன. இதற்கு இன்றுவரை பலரும் தாமாக விளக்கம் கட்டி மகிழ்கிறார்கள்.

காலப் பயணக் கதைகளின் தனிச் சிக்கல்

காலப் பயணம் வந்துவிட்டால் ஓட்டை விழாமல் கதை சொல்வது கடினம். ஒருவன் பின்னோக்கிச் சென்று தன் தாத்தாவின் திருமணத்தைத் தடுத்துவிட்டால் அவன் பிறக்க மாட்டான். பிறக்காதவன் எப்படிப் போய்த் தடுத்தான்? இதைத் 'தாத்தா முரண்' என்பர்.

இதற்குக் கதைகள் பொதுவாக மூன்று விதிகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்கின்றன. ஒன்று, நடந்தது நடந்ததே. பின்னோக்கிப் போனவன் செய்வதும் முன்பே நடந்தவற்றுள் அடங்கும். இரண்டு, கடந்த காலத்தை மாற்றலாம். மாற்றினால் நிகழ்காலமும் மாறும். 2015-இல் வந்த 'இன்று நேற்று நாளை' என்னும் தமிழ்த் திரைப்படம் இவ்வகை. மூன்று, மாற்றிய கணத்தில் இன்னொரு உலகம் கிளைக்கும்.

எந்த விதியும் தவறில்லை. ஒரு விதியில் தொடங்கி, வசதிக்காக நடுவில் இன்னொன்றுக்குத் தாவுவதே தவறு. நாயகன் தன் நண்பனைக் காப்பாற்றக் கடந்த காலத்தை மாற்றலாம் என்றால், தாயைக் காப்பாற்ற மட்டும் ஏன் முடியாது என்று பார்வையாளர் கேட்பார். 'டாக்டர் ஹூ' 2008-இல் இதற்கு ஒரு பதில் வைத்தது: வரலாற்றில் சில நிகழ்வுகள் அசையாதவை, சில நெகிழ்பவை. பொம்பெயி நகரின் அழிவு அசையாத நிகழ்வு. ஆகவே அந்நகரைக் காப்பாற்ற முடியாது. வசதியான பதில்தான். எது அசையாதது என்பதை எழுத்தாளரே முடிவு செய்வதால், அடிக்கடி பயன்படுத்தினால் சாயம் வெளுத்துவிடும்.

ஒட்டுப்போடும் முறைகள்

பிழை வெளியே தெரிந்தபின் தயாரிப்பாளர்கள் செய்வன சில உண்டு.

முதல் வழி, பேசாமல் கடந்து போவது. கல்லறைக் கல்லில் இருந்த 'ஆர்' இப்படித்தான் கடந்து போனது. இரண்டாவது, நகைச்சுவையாக ஒப்புக்கொள்வது. வோர்ஃபின் பதில் இவ்வகை. மூன்றாவது, பின்விளக்கம். பழைய கதைக்குப் புதிய கதையில் காரணம் கற்பித்து, முதலிலிருந்தே அப்படித்தான் இருந்தது போலச் செய்வது. இதை ஆங்கில ரசிகர்கள் 'ரெட்கான்' என்பர். கானின் கதையில் 1990-களில் உலகில் ஒரு பெரும்போர் நடந்ததாகச் சொல்லப்பட்டிருந்தது. உண்மையான 1990-கள் அப்படி எதுவும் இன்றிக் கடந்தன. கணிப்புப் பொய்த்ததே அன்றி ஓட்டை அல்ல என்றாலும், 2023-இல் 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' தொடர் அதற்கும் விளக்கம் தந்தது. காலப் பயணிகளின் குறுக்கீட்டால் நிகழ்வுகள் தள்ளிப்போயின என்றது.

பின்விளக்கம் அளவோடு இருந்தால் ரசிக்கலாம். ஒவ்வொரு கிழிசலுக்கும் ஒரு ஒட்டுத்துணி வைத்தால், கடைசியில் துணி தெரியாது, ஒட்டுகள்தாம் தெரியும்.

தவிர்க்கும் முறைகள்

படப்பிடிப்புத் தளத்தில் தொடர்ச்சியைக் கவனிக்கத் தனியாக ஒருவர் இருப்பார். நம் திரைத்துறையில் இப்பொறுப்பு பெரும்பாலும் ஓர் உதவி இயக்குநருடையது. காட்சி முடிந்த நேரத்தில் கடிகாரம் எந்தக் கையில், டம்ளரில் காப்பி எவ்வளவு, முந்தானை எந்தப் பக்கம் என்பதை எல்லாம் அவர் குறித்துக்கொள்வார். முன்பு நோட்டுப் புத்தகம், இப்போது கைப்பேசிப் படம்.

கதை அளவில், பல தொடர்கள் ஒரு விதிநூலை வைத்திருக்கின்றன. பாத்திரங்களின் வரலாறு, கருவிகளின் திறன், செய்யக்கூடாதவை எல்லாம் அதில் இருக்கும். புதிதாக வரும் எழுத்தாளர் அதைப் படித்துவிட்டே எழுதத் தொடங்க வேண்டும்.

எல்லாவற்றையும் விடச் சிறந்தது, முடிவை அறிந்து தொடங்குவது. 'பாபிலோன் 5' தொடரை ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி ஐந்தாண்டுக் கதையாக முன்பே திட்டமிட்டார். 110 பகுதிகளில் 92-ஐ அவரே எழுதினார். முதல் பருவத்தின் முடிவில் கதாநாயகனாக நடித்தவர் விலகியபோது, அப்பாத்திரத்தை வேறிடம் அனுப்பிவிட்டு, மூன்றாம் பருவத்தில் திரும்ப அழைத்து அதன் கதையை நிறைவு செய்தார். ஜெர்மனியின் 'டார்க்' (2017–2020) நான்கு குடும்பங்களையும் 33 ஆண்டுச் சுழற்சியையும் வைத்துக்கொண்டு மூன்றே பருவங்களில் முடிந்தது. சிக்கலான கதை, ஆனால் எங்கே நிறுத்துவது என்று தெரிந்த கதை.

சோதித்துப் பார்க்கும் முறை

ஒரு தொடரில் ஏதேனும் இடறினால், ஓட்டை என்று எழுதும் முன் மாணவர்கள் இக்கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

1. மீறப்பட்ட விதி எது? அதைக் கதை எங்கே, எந்தப் பகுதியில் சொன்னது? விதியைச் சுட்டிக்காட்ட முடியவில்லை என்றால் ஓட்டை என்று சொல்ல முடியாது.

2. அது கதையின் விதியா, நம் எதிர்பார்ப்பா? 'நானாக இருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டேன்' என்பது குற்றச்சாட்டு ஆகாது.

3. கதை முடிந்துவிட்டதா? பதில் இன்னும் வர இருக்கலாம்.

4. அந்த இடத்தைச் சரிசெய்தால் கதை மாறுமா? சட்டை நிறத்தைச் சரிசெய்தால் எதுவும் மாறாது. பாலத்தைச் சரிசெய்தால் மூன்று பகுதிகளைத் திரும்ப எழுத வேண்டும். பிழையின் எடையை அளக்க இதைவிட எளிய தராசு இல்லை.

5. ஒளிபரப்பான வரிசை என்ன? பின்னால் வந்த கதை முன்னால் வந்ததைப் பழுதாக்கியிருக்கிறதா?

இக்கேள்விகள் தொலைக்காட்சிக்கு மட்டும் உரியவை அல்ல. ஒரு கட்டுரையின் முதல் பத்தியில் சொன்ன வரையறையைக் கடைசிப் பத்தி மீறுகிறதா, ஒரு கணக்கில் முதல் வரியில் எடுத்துக்கொண்ட எண் நான்காம் வரியில் மாறிவிட்டதா, ஒரு மேடைப் பேச்சில் நேற்றுச் சொன்னதும் இன்று சொல்வதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதும் இதே பயிற்சிதான். பிடித்த தொடரில் பிழை கண்டால் தொடரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. 38 ஏவுகணைகளை எண்ணியவர்கள் அத்தொடரை வெறுத்தவர்கள் அல்லர். ஏழு பருவங்களையும் ஒரு பகுதி விடாமல் பார்த்தவர்கள். கதை சொன்ன சொல்லை அவர்கள் நம்பியதால்தான் எண்ணினார்கள்.